வெயில் நாளில் வீட்டுக்குள் பெற்றோல் மணம்: பைக்கை மேலிருந்து கீழ்வரை பார்த்த அனுபவம்

கொழும்பில் பங்குனி, சித்திரை வந்துவிட்டால் பைக் நிற்கும் வீடுகளில் ஒரு பேச்சு கட்டாயம் வரும்: "இந்த வெயிலுக்கு பெற்றோல் மணக்கத்தானே செய்யும்." எனக்கு இதில் உடன்பாடு இல்லை. பைக்கிலிருந்து வரும் ஆவியில் இரண்டு வகை உண்டு. டாங்கி மூச்சுவிடுவதால், அதாவது சூட்டில் அதன் ஆவி மூடித் துளையால் வெளியேறுவதால், வருவது ஒன்று; பழைய காபரேட்டர் (பெற்றோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் பாகம்) பைக்கில் அதை முழுதாக நிறுத்த முடியாது, நிறுத்தவும் கூடாது. எங்கோ ஒரு ரப்பர் செத்துப்போய்க் கசிவதால் வருவது மற்றது. அதை ஒரு நாள்கூட விட்டுவைக்கக் கூடாது. மூக்குக்கு இரண்டும் ஒரே மணம்தான். எது எது என்று பிரித்துக் கண்டுபிடிப்பதே இந்த வேலையின் முக்கால் பங்கு.

எங்கள் வீடு கொட்டாஞ்சேனையில், ஜம்பட்டா வீதியிலிருந்து உள்ளே போகும் ஒரு ஒழுங்கையில். இரவில் பைக்கை வெளியே விட முடியாது. கேற்றுக்குள் ஒரு குறுகிய நடை இருக்கிறது, அங்கேதான் நிற்கும். நடையை ஒட்டி ஹோல். ஹோலில் ஃபிரிட்ஜ், சாமிப்படம், மாலையில் அம்மா ஏற்றும் விளக்கு, இரவானால் நுளம்புத்திரி. பைக்கோ 150 சிசி, காபரேட்டர் வண்டி. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 வரை பெரிதாகப் புது வண்டிகள் வராததால் இங்கே என்னைப்போல் பழைய வண்டியையே பார்த்துப் பார்த்து ஓட்டுகிறவர்கள் ஏராளம். வெயில் ஏற ஏற ஹோலுக்குள் பெற்றோல் மணம் தங்கத் தொடங்கியது. அம்மாவுக்குத் தலையிடி. இருட்டும் நேரத்தில் வேலையால் வரும் தங்கச்சி வாசலிலேயே மூக்கைப் பொத்துவாள். வீட்டுக்குள்ளேயே இருப்பவர்களின் மூக்கு சீக்கிரம் பழகிவிடும் என்பதால், வெளியிலிருந்து வருபவரின் மூக்கைத்தான் நம்ப வேண்டும். இந்த வேலை முழுவதிலும் தங்கச்சியின் மூக்கே எனக்கு அளவுகோல்.

வேலைக்குப் போகுமுன் சூடு என்ன செய்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். பெற்றோல் ஒரே பொருள் அல்ல, பல எண்ணெய்களின் கலவை. அதில் மிக லேசான பகுதிகள் 35-40 பாகையிலேயே கொதிக்கத் தொடங்கிவிடும். ஏப்ரல் 7 வாக்கில் கொழும்புக்கு நேர் மேலே சூரியன் வரும். அந்த நாட்களில் கறுப்பு டாங்கியை மத்தியானம் தொட்டால் கை பொறுக்காது. அதோடு பெற்றோல் விரியவும் செய்யும்: ஒரு பாகை சூடு கூடினால் லீற்றருக்கு ஏறக்குறைய ஒரு மில்லிலீற்றர். 12 லீற்றர் டாங்கியில் 20 பாகை கூடினால் கிட்டத்தட்ட கால் லீற்றர் புதிதாக இடம் தேடும். விளிம்புவரை நிரப்பிய டாங்கியில் அந்தக் கால் லீற்றருக்கு மூடி வழியாக வெளியே வருவதைத் தவிர வேறு வழி இல்லை.

ஆபத்தைச் சொல்லித்தான் மேலே போக வேண்டும். பெற்றோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு பாரமானது. புகைபோல் மேலே எழும்பாது. தரையோடு படிந்து, தாழ்வான இடத்தைத் தேடி ஊர்ந்து போகும். காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு அளவில் கலந்தாலே ஒரு பொறியில் பற்றிக்கொள்ளும். தீப்பற்றப் போதுமான ஆவியை அது சுழியத்துக்குக் கீழே 40 பாகைக் குளிரிலும் விடும் என்றால், நம்முடைய வெயிலைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. தரைமட்டத்தில் புகையும் நுளம்புத்திரியும், ஓடி ஓடி நிற்கும் ஃபிரிட்ஜும், தண்ணி மோட்டரின் சுவிட்சும் அந்த ஆவிக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. இது தவிர பெற்றோலில் சிறு பங்கு பென்சீன் உண்டு. இரத்தப் புற்றுநோயை உண்டாக்கும் பொருள் அது. குழந்தைகள் படுக்கிற அறைக்குப் பக்கத்தில் இந்த மணத்தைச் சகித்துக்கொண்டு இருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

வேலைக்குப் பைக்கை ஒழுங்கைக்குத் தள்ளிப் போனேன். காலை, வெயில் ஏறுமுன், எஞ்சின் நன்றாகக் குளிர்ந்த பிறகு. பற்றரியின் நெகட்டிவ் வயரை முதலில் கழற்றி வைத்தேன். பக்கத்தில் ஒரு வாளி மணல். பெற்றோல் தீயில் தண்ணீர் ஊற்றினால் எரிகிற பெற்றோல் மிதந்து பரவும். மணல் அல்லது பவுடர் தீயணைப்பான்தான் உதவும். பெரிதாகிவிட்டால் 110, யாருக்கும் காயம் என்றால் 1990. கழற்றும்போது பெற்றோல் வடிப்பதற்கு இரும்புக் கேன் ஒன்று. பிளாஸ்டிக் தண்ணீர்ப் போத்தலில் பெற்றோல் பிடிக்க வேண்டாம். ஹோஸை வாயால் உறிஞ்சி எடுப்பதும் வேண்டவே வேண்டாம். ஒரு வாய் பெற்றோல் நுரையீரலுக்குள் போனால் கடும் நிமோனியாவில் முடியும். இந்தப் பழக்கம் நம்மிடம் இன்னும் இருப்பதால் அழுத்திச் சொல்கிறேன்.

கசிவு டாங்கிப் பக்கமா, காபரேட்டர் பக்கமா என்று தெரிந்துகொள்ள ஸ்பானரே வேண்டாம். டாங்கிக்குக் கீழே பெற்றோலைத் திறந்து மூடும் டெப் இருக்கிறதல்லவா, அதை ஓர் இரவு மூடிவைத்து, மறுநாள் இரவு திறந்துவைத்துப் பார்த்தால் போதும். மூடிய இரவில் மணம் நன்றாகக் குறைந்தால் கோளாறு காபரேட்டரில் அல்லது அதற்குப் போகும் ஹோஸில். இரண்டு இரவும் ஒரே மணம் என்றால் மூடி, டாங்கி, அல்லது அந்த டெப்பேதான். என் பைக்கில் டெப்பை மூடினால் பாதி குறைந்தது, பாதி நின்றது. அதாவது இரண்டு பக்கமும் வேலை இருக்கிறது.

முதலில் மூடி. திறப்பைப் போட்டுத் திறந்து, அடியில் உள்ள ரப்பர் வளையத்தை நகத்தால் அழுத்திப் பார்த்தேன். நகம் பதியவில்லை, கல்போல் இறுகி, ஒரு பக்கம் வெடித்திருந்தது. வளையத்தை மட்டும் மாற்றினால் போதும். மூடியிலேயே இன்னொரு விஷயம் இருக்கிறது: காற்று போய்வரும் நுண்ணிய துளை. எஞ்சின் பெற்றோலைக் குடிக்கக் குடிக்க அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வர வேண்டும், வெயிலில் அழுத்தம் கூடினால் வெளியே போகவும் வேண்டும். மணம் வருகிறது என்று சிலர் மூடிக்கு அடியில் சொப்பிங் பேக் துண்டு வைத்து இறுக்குகிறார்கள், சிலர் துளையில் சிலிக்கன் பூசுகிறார்கள். அப்படிச் செய்தால் வெயிலில் டாங்கிக்குள் ஏறும் அழுத்தம் பெற்றோலைக் கீழே தள்ளி, பெற்றோலை நிறுத்திவைக்கும் காபரேட்டர் ஊசியையும் தாண்டி வழியவைக்கும். மேலே வந்த மணம் கீழே பெற்றோலாகவே சொட்டும். துளையை மெல்லிய நைலோன் தூரிகையால் துடைத்துச் சுத்தமாக வைப்பதுதான் செய்ய வேண்டியது. வெயிலில் நின்ற பைக்கின் மூடியைத் திறக்கும்போது "புஸ்" என்று வேகமாகச் சீறினால் துளை அடைபட்டிருக்கிறது என்று சந்தேகிக்கலாம்.

மூடியைச் சுற்றியுள்ள பள்ளத்தில் விழும் மழைத்தண்ணீரும் சிந்தும் பெற்றோலும் வெளியேற ஒரு மெல்லிய குழாய் டாங்கிக்குள்ளால் இறங்கி, பைக்குக்கு அடியில் முடியும். அதில் மண் அடைத்தால் சிந்திய பெற்றோல் அந்தப் பள்ளத்திலேயே நின்று ஆவியாகும். சைக்கிள் பம்பால் ஊதிவிட்டேன். சேறுதான் வந்தது.

அடுத்து டெப். பெற்றோல் கசிந்தால் ஈரமே தெரியாமல் பறந்துவிடும், அதனால்தான் ஆட்கள் "கசிவு இல்லை" என்று சொல்லிவிடுகிறார்கள். ஆனால் அது போன வழியில் ஒரு பழுப்புக் கறை தங்கும். முழுவதும் துடைத்துக் காயவிட்டு, சந்தேகமான இணைப்புகளில் குழந்தைப் பவுடரைத் தூவி வைத்தால், கசியும் இடத்தில் பவுடர் ஈரக் கோடு விழுந்து காட்டிக்கொடுக்கும். என் டெப்பின் கைபிடிக்குப் பின்னால் கோடு விழுந்தது. டாங்கியை வடித்து, டெப்பைக் கழற்றி, உள்ளே நான்கு துளை உள்ள ரப்பரையும் டாங்கியோடு சேரும் ஓ-றிங்கையும் (வட்ட ரப்பர் வளையம்) மாற்ற வேண்டி வந்தது. இதில் நுணுக்கம் ஒன்றும் இல்லை, அழுத்தமாக ஆனால் அளவாக இறுக்க வேண்டும். ஸ்கூட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: எஞ்சின் உறிஞ்சும்போது மட்டும் திறக்கும் வகை டெப் என்றால், அதற்குப் போகும் மெல்லிய வாக்யூம் ஹோஸைக் கழற்றிப் பாருங்கள். அதற்குள் பெற்றோல் ஈரம் இருந்தால் உள்ளே உள்ள சவ்வு கிழிந்துவிட்டது.

டெப்பிலிருந்து காபரேட்டருக்குப் போகும் ஹோஸை வளைத்துப் பார்த்தபோது முனையில் நுண்ணிய வெடிப்புகள் தெரிந்தன. சிலிண்டர் தலைக்குப் பக்கத்தால் போவதால் அது வெந்துவிடும். உள்ளே பெற்றோல் ஓடுவது தெரியும் என்று கண்ணாடிபோல் தெளிவான பிளாஸ்டிக் குழாய் போடுவது இங்கே வழக்கம். பெற்றோல் அதன் இளகும் தன்மையை உறிஞ்சி எடுத்துவிடும். கொஞ்ச நாளில் மஞ்சளாகி, விறைத்து, கிளிப் இருக்கும் இடத்தில் கசியும். பெற்றோலுக்கென்றே செய்த கறுப்பு ரப்பர் ஹோஸ்தான் போட வேண்டும். இரண்டு முனைக்கும் கிளிப் கட்டாயம்.

காபரேட்டரையும் கழற்றிப் பார்த்த பிறகு (அதைக் கீழே சொல்கிறேன்) சாமான் வாங்க, உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்குப் போனேன். பழைய ஹோஸ், ரப்பர், காபரேட்டர் ஊசி எல்லாவற்றையும் கையோடு கொண்டுபோவது நல்லது. மொடல் பெயரை மட்டும் சொன்னால் அளவு மாறி வரும். கடை நானா ஊசியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, ஊசிய மட்டும் மாத்தி வேலையில்ல. ஊசி தேஞ்சா சீட்டும் தேஞ்சிருக்கும். சோடியா எடுங்க." ஊசி போய் உட்கார்ந்து அடைக்கும் துளைதான் சீட். சரியான பேச்சு. சிலர் காசு மிச்சம் பிடிக்க ஊசியை மட்டும் மாற்றி, கசிவு நிற்கவில்லை என்று காபரேட்டரையே தூக்கிப் போடுகிறார்கள்.

இனி காபரேட்டர். இந்த வேலையில் அதிக நேரம் எடுத்ததும் அதிகப் பலன் தந்ததும் இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

காபரேட்டருக்கு அடியில் ஒரு கிண்ணம். அதற்குள் மிதவை. பெற்றோல் ஏற மிதவையும் ஏறி, ஒரு கூம்பு முனை ஊசியை மேலே தள்ளி வழியை அடைக்கும். பெற்றோல் குறைய ஊசி இறங்கித் திறக்கும். ஊசி முனையில் தேய்ந்த வளையமோ, ஒரு துரும்போ இருந்தால் வழி முழுதாக அடைபடாது. கிண்ணம் நிரம்பி, அதிலுள்ள வடிகுழாய் வழியாக மெதுவாகச் சொட்டும். எஞ்சின் ஓடும்போது இது தெரியாது, ஓடுகிற எஞ்சின் குடித்துவிடும். நின்ற பிறகுதான் மணம் வரும்.

கழற்றாமலே இதைச் சோதிக்கலாம். கிண்ணத்தின் அடியில் உள்ள வடிகால் முனையில் ஒரு தெளிவான குழாயைச் செருகி, மற்ற முனையைக் கிண்ணத்தின் பக்கவாட்டில் மேல்நோக்கிப் பிடித்து, வடிகால் ஸ்குரூவைத் தளர்த்தினால், உள்ளே உள்ள மட்டம் குழாயில் அப்படியே தெரியும். பைக் நேராக நிற்க வேண்டும், சைட் ஸ்டாண்டில் சாய்ந்து அல்ல. கிண்ணமும் காபரேட்டர் உடலும் சேரும் கோட்டுக்குக் கொஞ்சம் கீழே மட்டம் வந்து அசையாமல் நிற்க வேண்டும். என் பைக்கில் அது நிற்காமல் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே இருந்தது. அந்தக் காட்சியைக் கண்ட பிறகு வேறு சந்தேகம் தேவைப்படவில்லை.

டெப்பை மூடி, கிண்ணத்தை வடித்து, காபரேட்டரைக் கழற்றினேன். கிண்ணத்து ஸ்குரூக்கள் மென்மையானவை. பொருந்தாத ஸ்குரூட்றைவரைப் போட்டால் தலை வழுக்கிப் போகும். நன்றாகப் பொருந்துவதைப் போட்டு, திருப்புவதைவிட அழுத்துவதில் அதிகப் பலம் கொடுக்க வேண்டும். உள்ளே கிண்ணத்தின் அடியில் செம்பழுப்புத் தூள் படிந்திருந்தது. அது டாங்கித் துரு. 2022 பெற்றோல் தட்டுப்பாட்டில் கியூ.ஆர். ஒதுக்கீட்டுக்கு வரிசையில் நின்ற காலத்தில் டாங்கிகள் மாதக்கணக்கில் அடிமட்டத்திலேயே கிடந்தன. பெற்றோல் தொடாத உள்சுவரில் ஈரக்காற்று பட்டுத் துருவேறியது. அந்தக் காலத்தைக் கண்ட பல பைக்குகளின் காபரேட்டரில் இந்தத் தூளை இன்றும் பார்க்கலாம். டாங்கியைக் கொஞ்சம் பெற்றோல் விட்டு அலசி வடித்தேன். ஹோஸுக்கு நடுவில் ஒரு சிறு ஃபில்டரும் போட்டேன்.

மிதவையைக் காதுக்குப் பக்கத்தில் குலுக்கிப் பார்க்க வேண்டும். உள்ளே திரவம் அசையும் சத்தம் கேட்டால் அது ஓட்டை. இன்னும் உறுதிக்கு, அடுப்படியில் கொதிக்கவைத்த தண்ணீரை வெளியே கொண்டுவந்து, பெற்றோல் காய்ந்த மிதவையை அதில் அமிழ்த்தினால் ஓட்டையிலிருந்து குமிழி வரும். என்னுடையது நல்ல நிலையில் இருந்தது. ஊசியையும் சீட்டையும் சோடியாக மாற்றினேன். சில காபரேட்டர்களில் சீட் உடலோடு அழுத்திப் பதித்திருக்கும், கழராது. அப்படியானால் காது துடைக்கும் பஞ்சுக் குச்சியில் பித்தளை மினுக்கும் பிராசோவைத் தொட்டு மெதுவாகச் சுழற்றித் துடைத்து, பிறகு நன்றாகக் கழுவிவிடலாம். கிண்ணத்தின் கெஸ்கட்டையும் (மூட்டில் கசியாமல் தடுக்கும் ரப்பர்) புதிதாகவே போட்டேன். ஒரு முறை ஊறி விரிந்த ரப்பர் திரும்பத் தன் பள்ளத்தில் ஒழுங்காக உட்காராது.

காபரேட்டருக்கும் எஞ்சின் தலைக்கும் நடுவில் ஒரு தடித்த கறுப்புத் துண்டு இருக்கும். எஞ்சின் சூடு காபரேட்டருக்கு ஏறாமல் தடுப்பதே அதன் வேலை. பழுது பார்க்கும் சில இடங்களில் வெடித்தால் அதை எறிந்துவிட்டு நேராக இறுக்கிவிடுகிறார்கள். ஓடும்போது ஒன்றும் தெரியாது. நிறுத்தியதும் காற்றோட்டம் நின்று, சூடு ஏறி, கிண்ணத்துப் பெற்றோல் கொதித்து ஆவியாகும். உங்கள் பைக்கில் அது இருக்கிறதா என்று பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை: வடிகுழாயில் சொட்டுகிறது என்று அதில் ஆணியையோ ஸ்குரூவையோ சொருகி அடைக்காதீர்கள். வெளியே போகாத பெற்றோல் சிலிண்டருக்குள் இறங்கி எஞ்சின் ஓயிலோடு கலக்கும். கசிவு கண்ட பைக்கில் ஓயில் குச்சியை எடுத்து மணந்து பார்ப்பது நல்லது. மட்டம் கூடி, பெற்றோல் மணமும் வந்தால் ஓயிலை மாற்றாமல் எஞ்சினை இயக்கக் கூடாது.

எல்லாம் பூட்டி, தெளிவான குழாய்ச் சோதனையைத் திரும்பச் செய்தேன். மட்டம் வந்து நின்றது, அசையவில்லை. கசிந்த பெற்றோல் தோய்ந்த துணிகளை ஒழுங்கைக் கம்பியில் விரித்துக் காயவிட்டேன். சுருட்டி மூலையில் போட்டால் அதுவே ஆவிக்கு ஊற்று.

கசிவு நின்றது. ஆனால் நல்ல வெயிலில் ஓடிவந்த மாலையில் டாங்கி விடும் மூச்சு மிச்சம் இருக்கத்தான் செய்தது. இதைப் பழக்கத்தால்தான் குறைக்க வேண்டும். மூடியைத் திறந்து பார்த்தால் வாய்க்குக் கீழே ஒரு தகட்டு விளிம்பு தெரியும். அதன் அடிவரை மட்டுமே பெற்றோல் அடிக்க வேண்டும், மிச்ச இடம் விரிவதற்கு. பெற்றோல் செட்டில் பம்ப் அடிப்பவர் கணக்கைச் சுற்றெண்ணாக்க இன்னும் கொஞ்சம் அடிக்கப் பார்ப்பார். இப்போது நான் ரூபாய்க் கணக்கிலேயே சொல்லி நிறுத்திவிடுகிறேன். மத்தியான வெயிலில் நிறுத்த வேண்டியிருந்தால் அரை டாங்கியே போதும். வீட்டுக்கு வரும்போது ஒழுங்கை முனையில் டெப்பை மூடிவிட்டால் கிண்ணத்தில் உள்ளதிலேயே வாசல்வரை வரலாம். இரவில் ஆவியாவதற்குக் கிண்ணத்தில் கொஞ்சமே மிஞ்சும். காலி வீதிபோன்ற பெரிய வீதி நெரிசலில் இதைச் செய்ய வேண்டாம், நடு வீதியில் நின்றுவிடும். வந்ததும் உடனே உள்ளே தள்ளாமல், டாங்கி கை பொறுக்கும் சூட்டுக்கு வரும்வரை வெளி நிழலில் விடுகிறேன். உள்ளே நடு ஸ்டாண்டில்தான் நிற்கும்.

"விளக்கை உள் அறைக்குக் கொண்டு போகட்டோ?" என்று அம்மா கேட்டார். "வேண்டாம் அம்மா, அது இருந்த இடத்திலேயே இருக்கட்டும், பைக்கை நான் தள்ளிவிடுறன்" என்றேன். பைக்கைக் கேற்றுக்குப் பக்கம், ஹோலிலிருந்து எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரம் தள்ளினேன். கேற்றில்தான் பெரிய குறை இருந்தது. தெருத் தூசிக்காக அடிவரை தகரம் அடித்திருந்தோம். நடைக்கு மேலே ஜன்னல் திறந்திருந்தாலும் பாரமான ஆவிக்கு அதால் பயன் இல்லை. தரையோடு படிந்தது வெளியேற தரையோடுதான் வழி வேண்டும். தகரத்தின் அடிப்பகுதியை ஒரு சாண் உயரத்துக்கு வெட்டி எடுத்து, எலி வராமல் கம்பிவலை அடித்தேன். ஹோல் பக்கத்து வாசற்படியில் ஒரு சிறு சீமெந்து வரம்பும் போட்டேன், ஊர்ந்து வருவது உள்ளே ஏறாமல் இருக்க. இந்த இரண்டுக்கும் பிறகு தங்கச்சி வாசலில் மூக்கைப் பொத்தவில்லை. அம்மாவின் தலையிடியும் குறைந்தது.

புது வகை வண்டி வைத்திருப்பவர்களுக்குச் சில வார்த்தை. இந்தியாவில் 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 என்ற வாகன மாசுக் கட்டுப்பாட்டு விதி நடைமுறைக்கு வந்த பின் அங்கே விற்பதற்கென்று செய்யப்படும் பைக்குகளில் பெரும்பாலும் காபரேட்டர் இல்லை, எரிபொருள் ஊசிமூலம் தெளிக்கப்படுகிறது. டாங்கியின் ஆவியைப் பிடித்துவைக்க ஒரு கரிப் பெட்டியும் உண்டு. டாங்கி மூச்சை அந்தப் பெட்டிக்குள் இருக்கும் கரி உறிஞ்சி வைத்திருந்து, எஞ்சின் ஓடும்போது எரிக்கக் கொடுக்கும். இப்படிப்பட்ட வண்டி வீட்டுக்குள் மணந்தால் அது நிச்சயம் கவனிக்க வேண்டியது. விளிம்புவரை நிரப்பியதில் பெற்றோல் திரவமாகவே பெட்டிக்குள் போய்க் கரி நனைந்திருக்கலாம், அல்லது பெட்டிக்குப் போகும் ஹோஸ் கழன்றிருக்கலாம். ஹோஸ் கழன்றிருந்தால் நீங்களே மாட்டலாம். ஆனால் பம்பிலிருந்து போகும் பெற்றோல் லைன் சுமார் 3 பார் அழுத்தத்தில் இருக்கும். அழுத்தத்தை இறக்காமல் அதன் மூட்டைக் கழற்றினால் கண்ணிலேயே பீறும். அந்த வேலையை அதற்கான கருவி உள்ள கராஜில் கொடுப்பதே சரி.

என் பைக்கில் போட்ட ஹோஸிலும் மூடி ரப்பரிலும் மாற்றிய மாதத்தை வெள்ளைப் பேனையால் எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த பங்குனிக்கு முன் ரப்பரை நகத்தால் அழுத்தியும் ஹோஸை வளைத்தும் ஒருமுறை பார்த்துக்கொள்வேன்.